பதினேழாம் தட்டின் மூடி

ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமலே அலமாரிமேல் போட்டுவிடுவீர்கள் என்று அண்ணன் சொன்னார். அதனால் முகவரியை டைப் செய்திருக்கிறேன். ஏமாற்று வேலைதான். ஆனால் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, நேரில் வந்தால் பின்கதவு வழியாகக் கடைக்குப் போய்விடுகிறீர்கள். முப்பத்தொரு வருஷமாக ஒருவருக்கு எத்தனை தடவை உப்பு தீரும்?

நலம் விசாரிக்க எழுதவில்லை. அதை அண்ணனிடம் மாதாமாதம் விசாரித்துக்கொள்கிறேன். எனக்கு ஒரு குழப்பம். அதைத் தீர்க்க உங்களை விட்டால் ஆளில்லை.

மரபணு ஆராய்ச்சியில் நான் குப்பை கொட்டிய நாற்பது வருஷத்தை எழுதித் தரும்படி ஒரு பதிப்பாளர் கேட்டார். பதினொரு அத்தியாயம் முடித்துவிட்டேன். பன்னிரண்டாவது, பதினேழாம் தட்டின் கதை. இருநூறு மேடைகளிலாவது சொன்ன கதை என்பதால், கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம் என்று கடைசிக்கு வைத்திருந்தேன்.

கூடவே அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த உங்களுக்குத் தெரிந்ததுதான். கிருமியின் மேல் புற ஊதா ஒளி பட்டால் அதன் மரபணு அறுந்துபோகும், கிருமி அதைத் தானே தைத்துக்கொள்ளும். தைக்கத் தெரியாத கிருமி ஒன்று அகப்பட்டால், தைக்கிற மரபணு எது என்று பிடித்துவிடலாம். நாற்பத்தெட்டுத் தட்டில் கிருமி வளர்த்தோம். சோதனை விளக்கு பக்கத்துத் துறையிலிருந்து மூன்று நாள் இரவல். அதற்குள் பதினொரு தட்டைத்தான் சோதிக்க முடியும். எதை எடுப்பது என்று துறைத் தலைவர் கேட்டார். நான் பல பக்கம் கணக்குப் போட்டு, "பதினேழில் கிடைக்கும் சார், பன்னிரண்டிலிருந்து இருபத்திரண்டு வரை எடுத்தால் போதும்" என்றேன். அவர் சிரித்தார். பதினேழில் கிடைத்தது. அதற்குப் பிறகு யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தக் கிருமிக்கே 'பதினேழு' என்று பேர் வந்தது. எனக்கும்தான். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

போன வாரம் அந்தக் காலத்து நோட்டை எடுத்தேன். கண்டுபிடித்த நாலாம் நாள் பக்கத்தில் ஒரு வரி: "17: சிவப்புச் சாயம் ஏறுகிறது. ஏன்?" என் கையெழுத்தேதான். ஒன்று முதல் இருபத்துநாலு வரையான தட்டுகளில் வளர்த்தது கால்வாய்க் கிருமி. அதற்குச் சாயம் ஏறவே ஏறாது. இருபத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு வரை ஆய்வகத்துப் பழங்கிருமி. சாயம் ஏறுவது அதற்குத்தான். அப்படியென்றால் பதினேழாம் தட்டில் உட்கார்ந்திருந்தது யார்?

முப்பத்து மூன்று வயதில் 'ஏன்?' என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அறுபத்து நாலில் திருப்ப முடியவில்லை.

தட்டுகளை இன்குபேட்டரில் வைத்தது நானா, நீங்களா? மாலை நாலு மணி வெயிலில் நானே ஒவ்வொன்றாக அடுக்கியது கண்ணில் நிற்கிறது. ஆனால் அது அண்ணனுக்கு ஆப்பரேஷன் நடந்த நாள். நாலு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கவேண்டும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் எப்படி?

ஜூலை பத்தாம் தேதிக்குள் அத்தியாயத்தைக் கொடுக்கவேண்டும். தெரிந்ததை எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 9

டாக்டரம்மா அவர்களுக்கு,

டைப் அடித்த உறையைப் பார்த்து மின்சார ஆபீஸ் நோட்டீஸ் என்று பிரித்துவிட்டேன். பிரித்த பாவத்துக்குப் பதில் போடுகிறேன். கடிதமும் ஒரு வகையில் நல்லதுதான். நான் முடிக்கிறவரை நீ குறுக்கே பேச முடியாது.

நாலு மணி வெயிலாம், அடுக்கினாளாம். நாலு மணிக்கு நீ அங்கே இல்லை. ஒன்றே காலுக்கு உன் மேஜைக்குப் போன் வந்தது. பேசினாய். முகம் மாறியது. கிருமி தின்கிற கூழை ஊற்றி, கிருமியையும் பரப்பிய தட்டுகளில் மளமளவென்று நம்பர் போட்டாய். "அண்ணி, இதெல்லாம் எடுத்து உள்ள வெச்சிடுங்க, நான் ஒரு மீட்டிங் போய்ட்டு வந்துடறேன்"னு சொல்லிவிட்டு ஓடினாய்.

மீட்டிங்! குடல்வால் வெடித்து என் புருஷனை ஆப்பரேஷன் மேஜையில் படுக்க வைத்திருந்தார்கள். அதற்கு உன் அகராதியில் மீட்டிங் என்று பேர். அரைமணி கழித்து வாட்ச்மேன் வந்து, "என்னம்மா, நீங்க இன்னும் கெளம்பலியா?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியில் பெண்டாட்டிக்குத் தெரிந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருப்பாயா?

தட்டுகளை வைத்தது நான்தான். வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவ்வளவுதான் நினைவு. அதற்கு மேல் எனக்கு எதற்கு நினைவு இருக்கவேண்டும்? அது என்ன என் வீட்டுச் சமையலறையா? நீ சொன்ன வார்த்தைதானே அது.

உன் கட்டுரை அச்சில் வந்தபோது கடைசிப் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்தேன். விளக்கு இரவல் கொடுத்தவருக்கு நன்றி. கண்ணாடி கழுவியவருக்கு நன்றி. டைப் அடித்தவருக்கு நன்றி. ஆறு வருஷம் உன் கிருமிகளுக்குக் கூழ் காய்ச்சியவளுக்கு மட்டும் பேர் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதைத் தோண்டாமல் இருப்பதே நமக்கு மரியாதை.

உன் அண்ணன் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறார். "என்ன எழுதற?" என்கிறார். கண்ணாடியைத் தொலைத்துவிட்டதால் பயமில்லை.

இப்படிக்கு
கூழ் காய்ச்சியவள்


ஜூன் 13

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது. நீங்கள் சொல்லும் நாளும் என் தலைக்குள் இருக்கும் நாளும் ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாதவை.

மீட்டிங் என்று சொன்னது உண்மைதான் போலிருக்கிறது. நீங்கள் பயந்துவிடுவீர்கள், நல்ல செய்தியோடு வந்து சொல்லலாம் என்று நினைத்திருப்பேன். 'நினைத்திருப்பேன்' என்றுதான் எழுத முடிகிறது. நினைவு இல்லை. ஆனால் நான் செய்யக்கூடிய வேலைதான் அது. தப்பு, அண்ணி. அவர் உங்கள் புருஷன், முதலில் உங்களிடம் சொல்லியிருக்கவேண்டும்.

சமையலறை என்ற வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மறுக்கவில்லை. கட்டுரை ஏற்கப்பட்ட வாரம். அறையில் வெளியூர் விருந்தாளிகள் ஐந்து பேர். நீங்கள் ஈரக்கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்று, "வாலு, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றீர்கள். வாலு! வாழ்க்கையில் முதல்தடவையாக ஐந்து பேர் என்னை மதித்துப் பேசிக்கொண்டிருந்த அறையில். "நெனச்சப்ப வந்து பேச இது உங்க வீட்டு சமையலறை இல்ல அண்ணி" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அன்றே போய்விட்டீர்கள். கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன்.

நன்றிப் பட்டியல் விஷயத்தில் சத்தியமாக எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் என்று உனக்கும் தெரியும்" என்கிறீர்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். நம் வீட்டு ஆளுக்கு அச்சில் நன்றி சொன்னால், சோறு போட்டதற்கு ரசீது கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று விட்டேன். அசட்டுத்தனம்தான். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அதனால் இப்போது கேட்கிறேன். அன்று வாசலில் நின்று என்ன சொல்ல வந்தீர்கள்?

வாலு


ஜூன் 20

வாலு,

அப்படியானால் உனக்குத் தெரியவே தெரியாதா? ஒரு வாரமாக இதையேதான் யோசிக்கிறேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அதனால்தான் பேரை எடுத்தாய், ஐந்து பேர் முன்னால் வாயை அடைத்தாய் என்று இத்தனை வருஷம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றுமே தெரியாத ஒருத்தியைப் போய்த் திட்டியிருக்கிறேன்.

சரி, கேள். எட்டெட்டுத் தட்டாக ஆறு அடுக்கு. வாட்ச்மேன் வந்து சொன்னபோது என் கையில் கடைசி டிரே. அதில் இரண்டு அடுக்கு, ஒன்றில் மேல் தட்டு பதினேழு, மற்றதில் மேல் தட்டு நாற்பத்தொன்று. "ஆப்பரேஷன்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் டிரே ஒரு பக்கம் சாய்ந்தது. தட்டு எதுவும் விழவில்லை. மேலே இருந்த இரண்டின் மூடிகள் மட்டும் வழுக்கி மேஜையில் ஓடின. ஓடிய மூடியைப் பார்க்கிறேன், தட்டைப் பார்க்கிறேன். நம்பர் இரண்டும் மூடிமேல் இருக்கிறது. தட்டின் அடியில் ஒன்றுமே இல்லை.

"மூடியில் எழுதாதே, அடியில் எழுது" என்று சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியவள் நீ. அப்படி எழுதிய ஒருத்தியை ஒரு வாரம் கண்ணாடி கழுவ அனுப்பியவளும் நீ. அன்று நாற்பத்தெட்டையும் மூடிமேல் எழுதியிருந்தாய். ஊருக்குத்தான் உபதேசம்.

ஸ்பிரிட்டில் மூடியின் உள்பக்கத்தைத் துடைத்தேன். வெளியே துடைத்தால் மெழுகுப் பென்சில் அழிந்துவிடும். பிறகு இதற்கு இது, அதற்கு அது என்று குருட்டாம்போக்கில் மூடிவிட்டு ஓடினேன். என் தாலிக்கே ஆபத்து, உன் கிருமி எந்த வீட்டில் இருந்தால் எனக்கென்ன என்றிருந்தது.

உன் அண்ணன் பிழைத்தார். பதினேழில் கிடைத்தது என்று நீ குதித்தாய். எனக்கோ அந்த மூடி ஞாபகம்தான் வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் தவித்து, கடைசியில் சொல்ல வந்த நாள்தான் அந்த நாள். நீ வாயை அடைத்தாய், நானும் 'போடி' என்று வந்துவிட்டேன்.

இப்போது சொல்லிவிட்டேன். உன் புத்தகத்தைக் கெடுத்துவிட்டேனா?

அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நான் மூடியிலா எழுதினேன்? யோசித்துப் பார்க்கிறேன். கூழ் ஈரமாக இருந்திருக்கும். ஈரத்தட்டைக் கவிழ்த்து அடியில் எழுத முடியாது, காயவேண்டும். காத்திருக்க நேரமில்லை, அண்ணன் ஆப்பரேஷன் மேஜையில். ஆமாம். எழுதியிருப்பேன்.

உங்கள்மேல் கோபம் வருமா என்று காத்திருந்தேன், வரவில்லை. பயம்தான் வருகிறது. உண்மையைச் சொல்கிறேன், வெளியே சொல்லாதீர்கள். கிருமி பொய்யில்லை, அதிலிருந்து பிடித்த மரபணு பொய்யில்லை, அதையெல்லாம் யாரும் அசைக்க முடியாது. ஆனால் நான் என்னை மெச்சிக்கொள்ள வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். கணக்குப் போட்டேன், சொன்னேன், சொன்ன இடத்தில் இருந்தது. விருது, பதவி, மாலை எல்லாம் அதற்குப் பிறகு மற்றவர்கள் கொடுத்தது. அந்த ஒரு நாள் மட்டும் என்னுடையது. அது வெறும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றால், நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை.

மூடி மாறியதா இல்லையா என்பது இரண்டில் ஒன்று. நீங்கள் சரியாகவே மூடியிருக்கலாம். சாயம் ஏறியதற்கு வேறு காரணம்கூட இருக்கலாம், அப்படித்தான் என்னை நானே சமாதானம் செய்துகொள்கிறேன்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பதினேழின் மரபணுவை உலகமே எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டது. ஆனால் அதன் தாய் யார் என்று யாரும் கேட்கவில்லை, நான் சொன்னதை நம்பிவிட்டார்கள். கால்வாய்க் கிருமி ஒரு சின்னக் குப்பியில் ஆய்வக ஃப்ரீசரின் அடியில் இன்னும் கிடக்கிறது. என் பழைய மாணவியிடம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள், சொல்லவில்லை. நாலைந்து நாளாகும் என்றாள்.

கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து, ஏன் கொடுத்தோம் என்றிருக்கிறது. அந்த 'ஏன்?' வரியை அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பேனாவை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன், அண்ணி. இதையும் உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

வாலு


ஜூன் 29

வாலு,

உன் கடிதம் காலையில் வந்தது. உடனே எழுதுகிறேன், முதலில் உட்கார்ந்து தண்ணீர் குடி.

போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். முப்பத்தொரு வருஷம் என்னை வேகவைத்தவளை இரண்டு நாளாவது வேகவிடலாம் என்று. நான் குருட்டாம்போக்கில் மூடவில்லை. கால்வாய்க் கிருமிக்கு உப்பு பாதி போதும் என்று நீதானே சொல்வாய்? இரண்டு கூழும் கலந்துவிடக்கூடாதென்று பாதி உப்புத் தட்டுகளின் அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். ஆறு வருஷப் பழக்கம். அன்று இரண்டு தட்டையும் தூக்கிப் பார்த்தேன். புள்ளி இருந்ததில் பதினேழை வைத்து மூடினேன். சந்தேகமே இல்லை. கண்ணால் பார்த்தேன்.

அதனால் உன் கணக்கு சரி. பதினேழு பதினேழுதான். இதை உன் புத்தகத்தில் போட்டுக்கொள். சாட்சிக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். அந்த மாணவிக்கு ஒரு போன் போட்டு, ஒன்றும் ஒப்பிட வேண்டாம் என்று சொல்லிவிடு. பாவம், அவளுக்கு வேறு வேலை இருக்கும்.

'நான் யார் என்றே தெரியவில்லை'யாம். நீ வாலு. அதில் என்ன குழப்பம்?

அண்ணி


ஜூன் 30

அன்புள்ள அண்ணிக்கு,

முடிவு வந்துவிட்டது, இரண்டே வரி. பதினேழு என்று பேர் வாங்கிய கிருமிக்கும் கால்வாய்க் கிருமிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது ஆய்வகத்துப் பழங்கிருமியின் பிள்ளை. மூடி மாறியிருக்கிறது.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

வாலு


ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

என் கடிதம் புறப்பட்ட மறுநாள் உங்களுடையது வந்தது. வழியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும்.

உங்களுக்கு ஏது நகப்பூச்சு? கல்யாணத்தன்று பூச வந்தவளையே விரட்டிவிட்டவர் நீங்கள். "சந்தேகமே இல்லை, கண்ணால் பார்த்தேன்" என்று படித்தபோது ஒரு கணம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. பிறகுதான் மேஜைமேல் கிடந்த அந்த இரண்டு வரி கண்ணில் பட்டது. அழுதுவிட்டேன். கணக்கு போனதற்கு இல்லை. ஐந்து பேர் முன்னால் உங்கள் வாயை அடைத்தவளுக்காக, வாழ்நாளில் ஒரு தடவைகூட அளவு தப்பாமல் கூழ் காய்ச்சிய நீங்கள் இப்படிக் கூசாமல் ஒரு பொய் சொல்லியிருக்கிறீர்களே, அதற்கு.

இரண்டு நாளாக உட்கார்ந்து திரும்பவும் கணக்குப் போட்டேன், இந்தத் தடவை கிருமிக்கு இல்லை. மூடி மாறாமல் இருந்திருந்தால் அந்தக் கிருமி நாற்பத்தொன்றாம் தட்டில் இருந்திருக்கும். நாங்கள் இருபத்திரண்டோடு நிறுத்தினோம். மூன்றாம் நாள் விளக்கு திரும்பப் போயிற்று, மீதித் தட்டுகளை உங்கள் கையாலேயே வெந்நீரில் போட்டுக் கழுவினீர்கள். அதோடு போயிருக்கும். பதினேழும் இல்லை, மரபணுவும் இல்லை, நானும் இல்லை.

உங்கள் கை ஏன் தவறியது? நான் சொல்லவேண்டிய செய்தியை வாட்ச்மேன் சொன்னதால். மூடியில் ஏன் நம்பர் இருந்தது? நான் அவசரத்தில் எழுதியதால். இத்தனை தப்பையும் நான் வரிசையாகச் செய்துவைத்தேன், சரியான காரியம் ஒன்று உங்கள் கையில் நடந்தது. உங்களுக்கே தெரியாமல்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். தொடக்கத்தை மட்டும் அனுப்புகிறேன். ஆட்சேபம் இருந்தால் பத்தாம் தேதிக்குள் சொல்லுங்கள்.

"பதினேழாம் தட்டில் கிடைக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். தவறாகச் சொன்னேன். அது நாற்பத்தொன்றாம் தட்டில் இருந்தது. என் அண்ணி அன்று தன் கணவர் பிழைப்பாரா என்று தெரியாத நிலையில் பச்சை டிரே ஒன்றைக் கீழே போட்டார், அதனால் இரண்டு மூடிகள் இடம் மாறின. அவர் ஆறு ஆண்டுகள் எங்கள் கிருமிகளுக்குக் கூழ் காய்ச்சினார். அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்."

வாலு


ஜூலை 8

வாலு,

ஆட்சேபம் இரண்டு இருக்கிறது.

ஒன்று, டிரே பச்சை இல்லை, நீலம். இரண்டு, நான் கீழே போடவில்லை. சாய்ந்தது. ஆறு வருஷத்தில் ஒரு தட்டுகூட நான் கீழே போட்டதில்லை, அதை அச்சில் போட்டு மானத்தை வாங்காதே.

நகப்பூச்சுக்குப் பதில் மெழுகுப் பென்சில் என்று எழுதியிருக்கவேண்டும். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

நன்றியை எடுத்துவிடு என்று எழுத வந்தேன். வீட்டு ஆளுக்கு என்ன நன்றி. உன் அண்ணனுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறார். பால்காரருக்குக்கூட. அதனால் இருந்துவிட்டுப் போகட்டும்.

புத்தகம் வந்ததும் ஒரு பிரதி அனுப்பு. உறைமேல் முகவரியை டைப் அடிக்காதே, உன் கையாலேயே எழுது.

அண்ணி